மச்சமா, ஃப்ரெக்கிள்ஸா? ஷகிரா ஆங்கிலத்தில் பாட வந்த நாட்கள்

அதுவரை ஸ்பானிஷில் பாடிவந்த கொலம்பியப் பாடகி ஷகிராவின் முதல் ஆங்கில ஆல்பம் 'லாண்டரி சர்வீஸ்' 2001 நவம்பரில் வெளிவந்தபோது நான் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு கொலம்பியப் பெண். ஷகிரா பிறந்த பாரன்கீயாதான் அவளுக்கும் ஊர். அந்த வாரமே சிடி வாங்கி வந்துவிட்டாள், ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. "முடியைப் பார்" என்று அட்டையை நகத்தால் தட்டிக் காட்டினாள். கறுப்பு முடியும் கிட்டாருமாகப் பாடிக்கொண்டிருந்த பெண் பொன்னிற முடியோடு நின்றாள். ஊர்ப் பெண்ணைத் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த வருத்தம் அவளுக்கு.

எனக்கு ரேடியோவில் ஓடிய 'வெனெவர், வேர்எவர்' மட்டும்தான் தெரியும். அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசையில் ஆறாம் இடம் வரை போன பாட்டு. அதில் மார்பையும் மலையையும் சேர்த்துச் சொல்லும் வரியை அலுவலகத்தில் எல்லோரும் கிண்டலடித்தார்கள், இது என்ன இங்கிலீஷ் என்று. நம் புலவர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்!

ஒருநாள் மதியம் அவள் ஹெட்போனில் ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். அதே சிடியில் கடைசிக்கு முந்தைய பாட்டு 'சுவெர்தே'. அதே மெட்டு, ஸ்பானிஷ் வரிகள். உன் உடம்பில் இருக்கும் ஃப்ரெக்கிள்ஸை எண்ணுவதற்காகவே ஆண்டிஸ் மலை ஏறுவேன் என்று ஆங்கிலத்தில் வரும். ஃப்ரெக்கிள்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டேன். எதிர்வரிசையில் இருந்த ஐரிஷ்காரரின் மூக்கில் இருந்த பழுப்புப் புள்ளிகளைக் கண்ணால் காட்டினாள். அப்புறம், "ஸ்பானிஷில் அது இல்லை, லுனாரெஸ்" என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். மச்சம்! மச்சத்தை எண்ண மலை ஏறுவது என்றதும் சட்டென்று விளங்கிவிட்டது.

முதலில் ஷகிராவுக்கு ஆங்கிலத்தில் பாடவே தயக்கம். கியூபாவில் பிறந்த அமெரிக்கப் பாடகி குளோரியா எஸ்தெஃபான்தான் ஷகிராவின் ஸ்பானிஷ் பாட்டு 'ஓஹோஸ் அஸி'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்து, முடியும் என்று தைரியம் சொன்னவர். அதன்பிறகு ஷகிரா அகராதியும் கையுமாக உட்கார்ந்து தானே எழுதினார். வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் வழவழவென்று இருந்திருக்கும், யாரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். ஆபீஸில் நானும் மனதுக்குள் தமிழில் யோசித்துத்தான் மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இங்கிலீஷ் எனக்கு உறுத்தவே இல்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

* * *

அண்ணா, எனக்கு ஞாபகம் வருவது ரிக்கி மார்ட்டின், ஷகிராவைப் போலவே ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பாடகர். 1999 பிப்ரவரி, கிராமி விழா. ஹூஸ்டனில் மாணவர் விடுதிப் பொது அறையில் பார்த்தோம். முந்தைய வருடத்து உலகக்கோப்பைப் பாட்டைப் பாடி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. சில மாதங்களில் 'லிவின் லா விடா லோகா' ஐந்து வாரம் முதலிடத்தில். கிராமி விழாவுக்கு மறுநாள் வகுப்பில் ஒருவன், "இவன் எப்போது அமெரிக்கா வந்தான்?" என்று கேட்டான். ரிக்கியின் ஊரான புவெர்த்தோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதிதான். பக்கத்தில் இருந்த அந்த ஊர்ப் பெண்ணுக்கு வந்ததே கோபம்! "பிறந்ததிலிருந்தே அமெரிக்கக் குடிமகன்தான்" என்றாள். ஆங்கிலத்தில் பாட வந்ததை 'கிராஸ்ஓவர்', எல்லை தாண்டிவிட்டார் என்று பத்திரிகைகளில் அன்று எழுதினார்களே, எந்த எல்லை என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

* * *

நீங்கள் சொல்வதெல்லாம் பழைய கதை. நான் சொல்வது 2020 பிப்ரவரி 2, மயாமியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சி. ஷகிராவுக்கு அன்று 43ஆவது பிறந்தநாள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் என்னோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஷகிரா கேமராவுக்கு நேராக வந்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினார். ட்விட்டரில் உடனே கேலிப்படங்கள். அது அரபுப் பெண்கள் கல்யாண வீடுகளில் எழுப்பும் ஸக்ரூதா, அவர் அப்பா வழி லெபனான் என்று பலர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. "குலவை போடுது பாரு" என்றார். சொன்னதோடு நிற்காமல் சோபாவில் உட்கார்ந்தபடியே தானும் ஒன்று போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.