இந்தப் பட்டியலில் உள்ள கணினிச் சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா? (ஒட்டுசுட்டான், ஒன்றரை இலட்சம்)

குளக்கட்டுக்காரன்:
வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி அடுத்த வருடம் உயர்தரம், ஐசிடி எடுக்கிறாள். நான் புதுக்குடியிருப்பில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கலியாண ஆல்பம் அடுக்கிக் கொடுக்கிறேன், இதுவரை அவர்களின் கணினியில் போய் இருந்துதான் செய்தேன். இப்போது ஒன்றரை இலட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். மொனிற்றருக்குக் காசில்லை, வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி ஒன்று கிடக்கிறது, கொஞ்ச நாளைக்கு அதை வைத்துச் சமாளிக்கலாம். கொழும்பில் ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் இது: ஐ3-12100எஃப் புரொசெசர், எச்610 மதர்போட் (டிடிஆர்4), 16 ஜிபி டிடிஆர்5 ரம் ஒன்று, 500 ஜிபி எஸ்எஸ்டி, கலர் லைட் எரிகிற கேசிங், அதோடு 600 வாட் பவர் சப்ளை இலவசம். எல்லாம் பொருந்துமா? சாமானை பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், பிழைத்தால் திருப்பி அனுப்பி மாற்றுவது பெரிய கரைச்சல், அதனால்தான் முதலே கேட்கிறேன். மாங்குளத்தில் ஒருவர் கந்தோரில் பாவித்த ஐ5-7500 மெஷின் ஒன்றை அரைவாசி விலைக்குத் தருகிறேன் என்கிறார், அதையும் சொல்லுங்கள்.

ஏ9 இரவுபஸ்:
தம்பி, காசு அனுப்பவில்லைத்தானே? அனுப்பாதீர்கள். இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது அந்த எஃப். இன்ரெல் புரொசெசரின் பெயர்க் கடைசியில் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனிக் கிராபிக்ஸ் கார்ட் உங்கள் பட்டியலில் கிடையாது, ஆகவே எல்லாவற்றையும் பூட்டி டிவியில் கொழுவினால் விசிறி சுற்றும், லைட் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். மதர்போட்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே என்று நினைப்பீர்கள், அது புரொசெசருக்குள் கிராபிக்ஸ் இருந்தால் மட்டும் வேலை செய்கிற ஓட்டை. எஃப் இல்லாத ஐ3-12100 வாங்கினால் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் உள்ளேயே வரும்.

இரண்டாவது ரம். எச்610 போட் டிடிஆர்4 உள்ளதும் வருகிறது, டிடிஆர்5 உள்ளதும் வருகிறது, 12ஆம் தலைமுறை புரொசெசர் இரண்டையும் ஏற்கும், ஆனால் போட் ஒன்றைத்தான் ஏற்கும். ரம் துண்டின் அடியில் வெட்டு இருக்கிற இடமே வேறு, அமத்தினாலும் இறங்காது. (அமத்திப் பார்த்து உடைத்தவர்களும் இருக்கிறார்கள்.)

நான் என்றால் இந்தக் காசுக்கு ஏஎம்டி கம்பனியின் ரைசன் 5 5600ஜி புரொசெசர் எடுப்பேன். 6 கோர், உள்ளேயே கிராபிக்ஸ், 65 வாட், போட்டில் பூட்டுகிற இடம் ஏஎம்4 சொக்கெட், டிடிஆர்4 ரம். ஜி முக்கியம், வெறும் 5600 என்றால் அதிலும் கிராபிக்ஸ் இல்லை, பிறகு அதே கறுப்புத் திரைதான். போட் பி450 என்றால் பழைய இருப்பாக இருக்கலாம், அதன் பயோஸை (மெஷினைத் தொடக்கிவைக்கிற, போட்டுக்குள் இருக்கிற மென்பொருள்) புதுப்பிக்காமல் 5600ஜியை அடையாளம் காணாது. கடையிலேயே புதுப்பித்து, ஒருமுறை திரை வருகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல கடை என்றால் மறுக்க மாட்டார்கள்.

ரம் 16 ஒன்று எடுக்காமல் 8 இரண்டாக எடுங்கள். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரம்மிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், இரண்டு துண்டு இருந்தால் இரண்டு பாதையில் ஓடும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ரம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் கணக்கைப் போடும்போது முதலில் ரம்மின் விலையைக் கேட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

வெல்டிங்கடை:
இரவுபஸ் தம்பி சொன்னது சரி. அந்த இலவச 600 வாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். இலவசமாகத் தருகிற பவர் சப்ளை தேவையில்லை, கேசிங்கை அது இல்லாமல் தரச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்ரிக்கரில் 600 என்று எவரும் ஒட்டலாம். கார்ட் இல்லாத இந்த மெஷினுக்கு நல்ல கம்பனியின் 450 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளது தாராளம். லைட் கேசிங்குக்குப் போகிற காசை இதில் போடுங்கள்.

நான் படித்த பாடம் இது. ஐப்பசி மழை தொடங்கின கிழமை, பின்னேரம் இடி முழக்கம், நான் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். ரவுட்டர் வயர் அப்படியே இருந்தது. விடிய மெஷினைப் போட்டால் நெட் வரவில்லை, அந்த வயர் வழியாக வந்து நெட் சிப்பை மட்டும் எரித்துவிட்டுப் போயிருக்கிறது. கூரைக்கு மேல் அன்ரெனா வைத்து 4ஜி ரவுட்டர் பாவிக்கிற வீடு என்றால் இடி கேட்டவுடன் இரண்டையும் கழற்ற வேண்டும்.

அடுத்தது, உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா? மீளக்குடியேறிய காலத்தில் அவசரத்துக்கு வயரிங் செய்த வீடுகள் கனக்க, மூன்று கால் பிளக் இருக்கும், உள்ளே எர்த் வயர் எங்கும் போய்ச் சேராது. கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்று கூசும், அதுதான் அடையாளம்.

ஐசிடி அக்கா:
பாவித்த மெஷினையும் தம்பி கேட்டிருந்தார். தங்கச்சிக்கு மட்டும் என்றால் நான் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். பாடத்துக்குத் தேவை பைதன், வலைப்பக்கம், தரவுத்தளம், இவை எந்த மெஷினிலும் ஓடும். ஆனால் ஐ5-7500 ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்ரெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுப் பழகலாம், என் மாணவர்கள் சிலர் அப்படித்தான் படிக்கிறார்கள், ஆனால் உங்கள் ஆல்பம் வேலைக்கு போட்டோஷொப் அதில் நேராக ஓடாது.

கந்தோர் மெஷின்களில் இன்னொரு பொறி. பெரும்பாலும் பவர் சப்ளையின் வடிவம், போட்டில் குத்துகிற பின், எல்லாமே அந்தந்தக் கம்பனிக்கு என்று தனி. ஒன்று பழுதானால் கடையில் கிடைக்கிற சாதாரண சாமான் உள்ளே போகாது. ஐ5-8500 மாதிரி எட்டாம் தலைமுறை மலிவாகக் கிடைத்தால் புரொசெசரை மட்டும் கழற்றி ஏழாம் தலைமுறைப் போட்டில் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சொக்கெட்டின் பெயர் இரண்டுக்கும் எல்ஜிஏ1151தான், இருந்தாலும் ஓடாது.

இரவுபஸ் தம்பி சொன்ன 5600ஜி நல்ல தெரிவு. ஆனால் யுபிஎஸ் கணக்கில் இல்லையே? 650 விஏ ஒன்றாவது வையுங்கள். அதை வைத்து வேலை செய்ய முடியாது, கரண்ட் போனால் சேமித்துவிட்டு அணைக்க நேரம் தரும், அவ்வளவுதான்.

குளக்கட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி, உண்மையில் காசு அனுப்ப ஒரு நாள்தான் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், "கார்ட் பிறகு வாங்குவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். ரம்முக்கு மட்டும் பதில் இல்லை. 5600ஜி, பி450, 8 இரண்டு, 450 வாட் என்று புதுப் பட்டியல் கேட்டிருக்கிறேன், யுபிஎஸ்ஸும் சேர்ந்தால் கொஞ்சம் மேலே போகிறது, எஸ்எஸ்டியை 256 ஆகக் குறைக்கவா?

வெல்டிங்கடை அண்ணை, எர்த் விசயம். ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ட் பட்டனை அமத்தினேன், விழுந்தது. அப்படியென்றால் சரிதானே?

வெல்டிங்கடை:
இல்லை. அந்தப் பட்டன் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்றுதான் காட்டும், எர்த் இல்லாவிட்டாலும் விழும். நீங்களே வயரைத் தொட்டுப் பார்க்காமல் வயர்மேனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கோடையில் நிலம் காய்ந்தால் எர்த் கம்பி நன்றாகப் பிடிக்காது, அதையும் சொல்லி வையுங்கள். இன்னொன்று, கேசிங்கின் பின் ஓட்டைகளைத் திறந்து விடாதீர்கள். இங்கே குளவி யுஎஸ்பி ஓட்டைக்குள்ளேயே மண் வைத்துக் கூடு கட்டும், சிரிக்காதீர்கள், இரண்டு மெஷின் கண்டிருக்கிறேன்.

ஏ9 இரவுபஸ்:
எஸ்எஸ்டியைக் குறைக்காதீர்கள், ஆல்பம் கோப்பு பெரிது, 256 கொஞ்ச நாளில் நிரம்பிவிடும். லைட் இல்லாத கேசிங் எடுத்து அந்த வித்தியாசத்தை யுபிஎஸ்ஸில் போடுங்கள். போட்டின் சரியான மொடல் பெயரை இங்கே போடுங்கள், எந்தப் பயோஸிலிருந்து 5600ஜி ஓடும் என்று கம்பனியின் தளத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

குளக்கட்டுக்காரன்:
சரி அண்ணை. வயர்மேன் ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறார், அவர் பார்க்கும்வரை பஸ்ஸில் போட வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். மொடல் பெயர் வந்தவுடன் போடுகிறேன்.