ஈவென்ட் பஸ்ல ஒரே மெசேஜ் மூணு தடவை வருது, ஏன்?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, ரியாக்ட்ல (வெப் ஸ்க்ரீன் கட்டுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு ஷாப்பிங் ஆப் பண்றேன். ப்ராப்ஸை, அதாவது ஒரு கம்போனென்ட் (ஸ்க்ரீனோட ஒரு துண்டு) தனக்குக் கீழ இருக்கிறதுக்குக் குடுக்குற டேட்டாவை, அஞ்சு லெவல் கீழ வரைக்கும் கடத்தி வெறுத்துப் போய் நானே சின்னதா ஒரு ஈவென்ட் பஸ் (ஒரு இடத்துல போடுற மெசேஜை அதைக் கேட்கிற எல்லாருக்கும் கொண்டு சேர்க்கிற கோட்) எழுதிட்டேன், ப்ராடக்ட் கம்போனென்ட் பப்ளிஷ் பண்ணும், கார்ட் ஐகானும் பாப்அப்பும் சப்ஸ்கிரைப் பண்ணி வாங்கிக்கும். முதல்ல சரியாத்தான் ஓடுது, ஆனா பாப்அப்பை மூடித் திறக்கத் திறக்க ஒரே மெசேஜுக்கு ஹேண்ட்லர் (மெசேஜ் வந்தா ஓடுற ஃபங்ஷன்) ரெண்டு தடவை, மூணு தடவைன்னு ஓடுது. அன்சப்ஸ்கிரைப் கூப்பிட்டும் போக மாட்டேங்குது.

பதில்:
அன்சப்ஸ்கிரைப்புக்கு என்ன குடுக்குறீங்கன்னு பாருங்க ப்ரோ. சேர்க்கும்போது ஒரு ஆரோ ஃபங்ஷன் (=> போட்டு அங்கேயே சுருக்கமா எழுதுற ஃபங்ஷன்), எடுக்கும்போது அதே மாதிரி இன்னொண்ணு எழுதியிருப்பீங்க, பார்க்க ஒண்ணா இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது ரெண்டும் வேற வேற ஆப்ஜெக்ட், அதனால லிஸ்ட்ல தேடினா சிக்காது, பழைய ஹேண்ட்லர் அப்படியே உட்கார்ந்திருக்கும், அது பிடிச்சு வச்சிருக்கிற டேட்டாவும் மெமரியை விட்டுப் போகாது. நான் எப்பவும் சப்ஸ்கிரைப்பே ஒரு ஃபங்ஷனை ரிட்டர்ன் பண்ற மாதிரி எழுதுவேன், அதைக் கூப்பிட்டா அந்த ஹேண்ட்லர் மட்டும் போயிடும். யூஸ்எஃபெக்ட்ல (கம்போனென்ட் ஸ்க்ரீனுக்கு வந்ததும் ஓட வேண்டிய கோடை எழுதுற இடம்) அதையே ரிட்டர்ன் பண்ணிடுங்க, கம்போனென்ட் போறப்ப ரியாக்டே கூப்பிட்டுக்கும்.

இன்னொரு பதில்:
மேல சொன்னது சரி. ஸ்ட்ரிக்ட் மோடும் (தப்பைக் கண்டுபிடிக்க ரியாக்ட்லயே இருக்கிற வசதி) போட்டு வைங்க, ரியாக்ட் 18ல இருந்து டெவலப்மென்ட்ல எஃபெக்ட்டை ஒரு தடவை ஓட்டி, க்ளீனப் பண்ணி, மறுபடி ஓட்டும், அதனால இந்த மாதிரி தப்பு முதல் தடவையே மாட்டிக்கும். பஸ்ஸையும் கையால எழுதணும்னு இல்ல, ப்ரவுசர்லயே ஈவென்ட்டார்கெட்னு லிசனர்களை (அதாவது ஹேண்ட்லர்களை) சேர்த்து ஈவென்ட் அனுப்புற ஆப்ஜெக்ட் இருக்கு, கஸ்டம்ஈவென்ட்டோட டீட்டெயில்ல டேட்டாவை அனுப்பலாம். லிசனர் சேர்க்கும்போது அபார்ட்கன்ட்ரோலரோட (ரத்து பண்ணச் சொல்ற ஆப்ஜெக்ட்) சிக்னலைக் குடுத்தீங்கன்னா ஒரே அபார்ட்ல அந்த சிக்னல் குடுத்த எல்லா லிசனரும் கழண்டுடும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, ஆரோ ஃபங்ஷன்தான் பிரச்சினை, சரியாயிடுச்சு! ஆனா பொருளைச் சேர்த்த பிறகு பாப்அப்பைத் திறந்தா எண்ணிக்கை 0ன்னு காட்டுது, மெசேஜ் எங்க போச்சு?

பதில்:
பப்ளிஷ் ஆன நேரத்துல யாரு கேட்டுட்டு இருந்தாங்களோ அவங்களுக்கு மட்டும்தான் போகும், பின்னாடி வர்றவங்களுக்காக பஸ் எதையும் எடுத்து வைக்காது. கார்ட் எண்ணிக்கை எப்ப கேட்டாலும் கிடைக்கணும், அப்போ அது ஸ்டேட், அதாவது ஆப் ஞாபகம் வச்சிருக்க வேண்டிய மதிப்பு. அதை கம்போனென்ட்டுக்கு வெளிய ஒரு ஸ்டோர்ல வச்சு, ரியாக்ட்ல அந்த மாதிரி ஸ்டோரைப் படிக்கிறதுக்குன்னே இருக்கிற யூஸ்சிங்க்எக்ஸ்டெர்னல்ஸ்டோர் மூலமா படிங்க. சேர்த்தாச்சுன்னு மேல ஒரு செகண்ட் காட்டுவீங்களே, அந்த அறிவிப்புக்கு மட்டும் பஸ் இருக்கட்டும்.