அச்சடித்த ரொக்கர் ஆம் நடுவால் முறிந்தது: வெளியில் ஒரு குறையும் இல்லையே?

சுன்னாகம் பட்டறை:
வணக்கம். லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டங்களில் வெங்காயத்துக்கு இறைக்கிற பழைய டீசல் மிசின்கள்தான் என்னிடம் அதிகம் வரும். ஒரு மிசினுக்கு ரொக்கர் ஆம் (எஞ்சின் வால்வைத் தட்டித் திறக்கிற கை) எங்கும் கிடைக்கவில்லை. மிசின்காரரின் மகன் ஜேர்மனியில் இருக்கிறார். பழையதை அளந்து அனுப்பினோம்; அங்கே 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீலின் தூளை லேசரால் படை படையாக உருக்கி அச்சடித்து, 'அடர்த்தி 99.8 சதவீதம்' (உள்ளே வெற்றிடம் 0.2 சதவீதம்தான்) என்ற தாளோடு அனுப்பினார்கள். வடிவான வேலை, ஒரு கீறல் கிடையாது. புஷ் துளையை போரிங் செய்து பூட்டினேன். அந்தப் போகம் முடிவதற்குள் முறிந்துவிட்டது.

முறிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல் ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் வழவழப்பான திட்டு. அதற்குள் மணலிலும் சிறிய உருண்டைகள் ஒட்டியிருக்கின்றன. திட்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். அந்தத் தாள் பொய்யா? அடுத்ததைப் பூட்டுமுன் உள்ளே எப்படிப் பார்ப்பது? ஆஸ்பத்திரி சிடி ஸ்கேனில் தெரியுமா?

கோண்டாவில் மெக்கானிக்:
அண்ணை, ஈஎன்8 கம்பியில் (சூடாக்கிக் கடினப்படுத்தக்கூடிய கார்பன் ஸ்டீல்) வெட்டி எடுக்கலாமே. 316எல்லைச் சூடாக்கிக் கடினப்படுத்த முடியாது. முறியாவிட்டாலும் வால்வில் தட்டுகிற முனை தேய்ந்துவிடும்.

காரைநகர் பெடியன்:
நான் வெளிநாட்டில் இந்த அச்சு மிசின்களோடுதான் வேலை செய்கிறேன். நீங்கள் பார்த்த உருண்டைகள் உருகாத தூள். ஒவ்வொரு படையும் 30 முதல் 60 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) தடிப்பில் பரப்பப்படும். லேசர் அதை உருக்கும்போது கீழ்ப்படையையும் சேர்த்து உருக்க வேண்டும். சக்தி குறைந்தாலோ, வேகம் கூடினாலோ, லேசர் போகும் தடங்கள் தள்ளிப் போனாலோ இரண்டு படைக்கும் நடுவில் தட்டையான இடைவெளி விழும். அச்சு மிசினில் வைத்த இந்த அளவுகளின் அமைப்பு பிழை என்றால் தட்டை இடைவெளிகள் எல்லா இடத்திலும் இருக்கும். ஒரே இடத்தில் என்றால், தெறித்த உலோகத்துளி தூளின் மேல் விழுந்து லேசரை மறைத்திருக்கலாம்.

உருண்டையான துளைகளின் கதை வேறு. சக்தி மிஞ்சினால் உலோகம் ஆவியாகி ஆழமான குழி விழும். குழி மூடும்போது அடியில் வாயு சிக்கும். தூளுக்குள்ளேயே ஆர்கன் வாயுக் குமிழி இருப்பதும் உண்டு. அவையும் குறைதான், ஆனால் தட்டையானதன் கூர்விளிம்பு அளவுக்கு அவை ஆபத்தில்லை.

தாள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஆம் 40 கிராம் என்று வையுங்கள். கனவளவு ஏறக்குறைய 5,000 கன மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் சதுரமும் 50 மைக்ரோன் தடிப்பும் உள்ள இடைவெளி அதில் லட்சத்தில் ஒரு பங்கு. சதவீதத்தில் அது தெரியவே தெரியாது. ரொக்கர் ஆமோ ஒவ்வொரு தட்டலிலும் வளைகிறது. இழுவை அதிகம் விழுவது மேற்பரப்பில். அதற்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் குறை, நடுவிலுள்ள பெரியதைவிடக் கெடுதல். அந்த வளையக் கோடுகள் வெடிப்பு சிறிது சிறிதாக வளர்ந்த தடம். அடர்த்தி எண்ணை மட்டும் கொடுத்து அசையும் பாகத்தை விற்பது சரியில்லை என்பதே என் கருத்து.

ஆஸ்பத்திரி ஸ்கேன் வேண்டாம். அது உடம்புக்கானது, தடித்த ஸ்டீலை ஊடுருவப் போதாது, இவ்வளவு மெல்லிய இடைவெளியும் பிடிபடாது. சாயம் தடவிப் பார்க்கும் சோதனையும் மேலே வாய் திறந்த குறையைத்தான் காட்டும். ஆனாலும் போரிங் செய்தபின் ஒருமுறை தடவிப் பாருங்கள், வெட்டும்போது உள்துளை வாய் திறக்கும்.

ஒன்று கேட்க வேண்டும்: அச்சடிக்கும்போது ஆம் நின்றதா, படுத்ததா?

கிளிநொச்சி மாணவி:
பொறியியல் படிக்கிறேன். ஐயா, கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசில் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்தால் மொத்த அடர்த்தி வரும். ஆனால் மேலே சொன்னதுபோல் உங்கள் குறை அதில் அகப்படாது. முறிந்த துண்டை இன்னோர் இடத்தில் குறுக்கே வெட்டி, எமரித் தாளில் படிப்படியாக மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அங்கேயும் தட்டை இடைவெளிகள் இருந்தால் அமைப்பு பிழை என்று அடித்துச் சொல்லலாம்.

சுன்னாகம் பட்டறை:
தம்பி, ஒரு நுனியில் மட்டும், அச்சடிக்கும்போது அடியில் பிடித்திருந்த தாங்கிகளை அறுத்த தழும்பு இருக்கிறது. நின்றுதான் இருக்கிறது.

காரைநகர் பெடியன்:
அப்ப படைகள் ஆமுக்குக் குறுக்கே. வளைக்கிற ஒவ்வொரு தரமும் படைகளைப் பிரித்து இழுத்திருக்கிறது. அடுத்ததைப் படுக்க வைத்து, படைகள் நீளவாக்கில் ஓடும்படி அடிக்கச் சொல்லுங்கள். அதே தட்டில் ஒரு சோதனைத் துண்டும் அடித்து, வெட்டிய படத்தோடு தரச் சொல்லுங்கள். 'ஹிப்' செய்வார்களா என்றும் கேளுங்கள்: கடும் சூட்டில், 1,000 பார் அளவு ஆர்கன் அழுத்தத்தில் உள்துளைகளை நசுக்கி மூடுகிற முறை. வெளியே வாய் திறந்தவை மூடாது, வாயு உள்ளே போய்விடும். தோட்டக்காரர் காத்திருக்க முடியாதென்றால் கோண்டாவில் அண்ணை சொன்னபடி கம்பியிலேயே வெட்டுங்கள், முனையை மட்டும் கடினப்படுத்தினால் போதும்.

முறிந்த இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டாம், தடங்கள் உரசி அழிந்துவிடும். எண்ணெய் தடவித் தனித்தனியே சுற்றி வையுங்கள். படம் எடுத்தால் இங்கே போடுங்கள், வெடிப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்துச் சொல்கிறேன்.