சித்தன்னவாசல் கல் படுக்கையும் எங்க அப்பத்தாவும்

காரைக்குடி பக்கம் சுத்திப் பாக்க வர்றவங்க கானாடுகாத்தான் வீடுக, ஆத்தங்குடி கல்லு, பிள்ளையார்பட்டினு பாத்துட்டு கிளம்பிடுறாங்க, இன்னும் கொஞ்ச தூரம் தள்ளி, சமணர் குகையும் ஓவியமும் இருக்கிற சித்தன்னவாசல் மலை இருக்குனு சொல்ல ஆளில்ல, அதான் நான் போயிட்டு வந்தத எழுதுறேன்.

போன தை மாசம் நானும் அப்பத்தாவும் விடியகாலைல கிளம்பி, திருமயம் கோட்டைய ரோட்டுல இருந்தே பாத்துக்கிட்டு, புதுக்கோட்டை தாண்டி போனோம். மலையடிவாரத்துல அப்பத்தா, "எனக்கு முட்டி விடாது ராசா, நீ மெதுவா ஏறிட்டு வா"ன்னு மரத்தடியில உக்காந்துட்டாக.

மொட்டைப் பாறைல ஏறி அந்தப் பக்கம் இறங்கணும். பாறை ஓரமா ஒடுக்கமான வழி, கால் வைக்க ஏழு படி வெட்டி வச்சிருக்காங்க, அதனாலதான் அந்தக் குகைக்கு ஏழடிப்பட்டம்னு பேரு. உள்ள சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கை, ஒவ்வொண்ணுலயும் தலைமாட்டுல தலகாணி மாதிரி கல்லயே உசத்தி விட்டிருக்காங்க, எங்க வீட்டு முகப்புத் தூண் மாதிரி அவ்வளவு வழுவழுப்பு. பெரிய படுக்கைல தமிழ் பிராமிங்கிற பழைய காலத்து எழுத்து, எருமி நாட்டுல பிறந்த காவுடிங்கிறவருக்கு சிறுபாவில் இளயர் செஞ்ச இருக்கைனு. 2000 வருசத்துக்கு முந்தி ஒருத்தர் படுக்க இன்னொருத்தர் கல்லச் செதுக்கி பேரையும் எழுதிக் கொடுத்திருக்காருங்க, எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு. வெளிய பாறைல எவனோ ஆணியால பேரக் கீறி வச்சிருக்கான், வயிறு எரியுது, தயவுசெஞ்சு யாரும் அத செய்யாதீங்க.

மேல நின்னா சுத்தியும் பொட்டல், பனை, தூரத்துல தண்ணி மின்னுது, காத்து ஆளையே தள்ளுது.

இறங்கி வந்து அப்பத்தாவ கைய புடிச்சு அறிவர் கோயிலுக்கு கூட்டிப் போனேன். பாறையக் குடைஞ்ச சமணர் கோயில், பாண்டிய ராசா ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துல, 9ஆம் நூற்றாண்டுல, இளங்கௌதமன்ங்கிற மதுரை ஆசிரியர் புதுப்பிச்சது. விதானத்துல, அதாவது உள்கூரையில, ஓவியமா தாமரைக் குளம், மீனு, வாத்து, யானை, எருமை, பூப் பறிக்கிற ஆளுக. நிறைய உதிர்ந்துருச்சு. அப்பத்தா அண்ணாந்து பாத்துட்டு, "இந்தா எருமை எறங்குது பாரு, நம்ம ஊரணில எறங்குற மாதிரியே"ன்னாக. கருவறைல நின்னு லேசா முனகினாலே சத்தம் நம்மள சுத்தி ரீங்காரமா வருது, அப்பத்தா மூணு தடவ "ம்ம்"னு சொல்லிப் பாத்தாக.

போறவங்க வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே ஏழடிப்பட்டம் ஏறிடுங்க, பாறை சுட ஆரம்பிச்சா நிக்க முடியாது, தண்ணி கையோட எடுத்துட்டுப் போங்க.