"மதுரைக்கு அனுப்பப்பட்டார்" என்ற வரியோடு நின்றுபோன கேஸ் ஷீட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

கீழக்கரை நர்ஸ்:

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும்போது ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பாம்புக்கடி. நம் கடலோரத்து மருத்துவமனை ஒன்றில் இரண்டு வேலை. நர்சுகளிடம் கேள்வித்தாள் கொடுத்து என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். அப்புறம் ரெக்கார்டு ரூமில் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுத வேண்டும். சீனியர் அக்காமார் முகம் சுளிப்பார்களோ என்று பயந்தேன். அவர்கள் பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். என்னை அழ வைத்தது ரெக்கார்டு ரூம்தான்.

ஷீட்டு ஷீட்டாக, கடித்த நேரம் என்ற இடம் காலி. கடித்து எவ்வளவு நேரம் கழித்து மருந்து ஏறியது என்றே தெரியாமல், பிழைத்தவர் எதனால் பிழைத்தார் என்று எப்படிச் சொல்வது? உடம்பு மோசமாக இருந்தவர்களின் ஷீட்டோ ஒரே வரியில் முடிந்திருந்தது: "மேல்சிகிச்சைக்கு மதுரைக்கு அனுப்பப்பட்டார்." நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்சில் போன மனிதர் வீடு திரும்பினாரா? தாளில் இல்லை. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. நான் பார்த்தவை அதற்கு முந்தைய ஷீட்டுகள்.

கேள்வித்தாளில் ஒரு கேள்வி: குழந்தைக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு? பெரியவருக்கு எவ்வளவோ அதே அளவு. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, உள்ளே போன விஷத்துக்குத்தான் மருந்து. ஆனால் அனுபவமுள்ள அக்காமார்கூட எடைக்குத் தகுந்தாற்போல் குறைத்து எழுதியிருந்தார்கள். அளவை எழுதுவது டாக்டர்தான், சரி. குப்பிகளைக் கரைத்து, முதல் சொட்டு ஏறும்போது பக்கத்தில் நிற்பது நர்ஸ். "டாக்டர், குழந்தைக்கும் அதே அளவுதானே?" என்று கேட்க அந்த ராத்திரியில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையால் மருந்து ஏறிய குழந்தை மதுரையில் என்ன ஆனது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை. செய்தது சரியா தப்பா என்று காதுக்கே வராவிட்டால் யாரால் கற்றுக்கொள்ள முடியும்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சாயல்குடி லேப்:

சிஸ்டர், எங்கள் பக்கம் சீமைக் கருவேலங்காட்டில் விறகு வெட்டுகிறவர்களும் கரிமூட்டம் போடுகிறவர்களும் சுருட்டை விரியனிடம் கடிபட்டு வருவார்கள். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிட சோதனை தெரியும்தானே. கண்ணாடி ட்யூபில் ரத்தத்தை விட்டு, ஆடாமல் அசையாமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பது. உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் ஒரு அண்ணனுக்கு உறையவில்லை. மருந்து எடுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவர் காலில் வீக்கமே இல்லை, பல் ஈறிலும் ரத்தம் கசியவில்லை. எனக்கு உறுத்தியது. அதே டப்பாவிலிருந்து இன்னொரு ட்யூபை எடுத்து என் ரத்தத்தை விட்டேன். 20 நிமிடம் கழித்து அதுவும் தண்ணீராக ஓடியது. எல்லாம் சோப்புத்தூள் போட்டுக் கழுவி எடுத்த ட்யூப்கள். கண்ணாடி பட்டுத்தான் ரத்தம் உறையத் தொடங்கும். சோப்பு படிந்த கண்ணாடி அதைக் கெடுத்துவிடும். புது ட்யூபில் அந்த அண்ணன் ரத்தம் நன்றாக உறைந்தது. ஒரு நாள் வைத்திருந்து, திரும்பத் திரும்பப் பார்த்து, மருந்தே ஏற்றாமல் அனுப்பினோம். அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரும், சும்மா ஏற்றக் கூடாது. அதற்கு முன்னால் அந்த டப்பாவை நம்பி எத்தனை பேருக்கு ஏற்றினோமோ என்று இன்றும் நினைப்பேன்.

தொண்டி கடல் தொழிலாளி:

எங்கள் சித்தப்பாவைக் கடல் பாம்பு கடித்தது. வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது விரலில். முள் குத்தியது என்றுதான் நினைத்தார். கரைக்கு வந்த பிறகு உடம்பெல்லாம் வலி, வாயைத் திறக்க முடியவில்லை. பாம்பு மருந்து போடுங்கள் என்று நாங்கள் சத்தம் போட்டோம். நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்குத்தான், கடல் பாம்புக்கு ஆகாது என்று டாக்டர் விளக்கிச் சொன்னார்.

அங்கே ஒரு நர்ஸ் அக்கா, "ஒன்னுக்குப் போனா கொட்டிடாதீங்கண்ணே, என்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் பால் ஊற்றாத டீ நிறத்தில் வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். தசை கரைந்து கிட்னியில் போய் அடைக்கிறது என்று சொல்லி, அன்றைக்கே டயாலிசிஸ் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊர் திரும்பியதும் சித்தப்பா முதலில் போனது அந்த வார்டுக்குத்தான். அக்கா அவரை உட்கார வைத்து, டயாலிசிஸ் எத்தனை தடவை, இப்போது ஒன்றுக்கு எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கீழக்கரை நர்ஸ்:

அண்ணே, அந்த நோட்டுதான் நான் தேடியது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. இனி கணக்கு அரசுக்குப் போகும். போனவர் என்ன ஆனார் என்ற செய்தி அனுப்பிய வார்டுக்கும் திரும்பி வர வேண்டும். சித்தப்பாவைக் கடித்தது எத்தனை மணிக்கு என்று ஞாபகம் இருக்கிறதா?

தொண்டி கடல் தொழிலாளி:

விடியக்காலை 5 மணி சுமாருக்கு. பாதி வலைதான் வாங்கியிருந்தோம். அந்த அக்காவும் முதலில் இதைத்தான் கேட்டார்.