துலாவர்ஷ இடியும் எங்க கடை டேட்டாபேஸும்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மாட்டுத்தீவன மொத்தக்கடை. பில்லிங் எல்லாம் போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல ஓடுது. போன துலாவர்ஷத்துல, அதான் ஐப்பசி மழையில, ஒரு சாயங்காலம் இடி முழங்கி கரண்ட் போச்சு. யூபிஎஸ் கீங்னு ஒரு சத்தம் போட்டு அதுவும் படுத்துக்கிச்சு. பேட்டரி செத்து எத்தனை மாசமாச்சோ!

கரண்ட் வந்து ஆன் பண்ணினா டேட்டாபேஸ் எந்திரிக்கல. லாக்ல செக்பாயின்ட் ரெக்கார்டைக் காணோம்னு ஒரு வரி. எங்கிருந்து மீட்டு எடுக்கறதுன்னு சொல்ற குறிப்பு அது. அந்தக் குறிப்பை அழிச்சு வலுக்கட்டாயமா எழுப்பற பிஜி ரீசெட்வால் கமாண்டைப் போட கை துறுதுறுத்துச்சு. எழுப்பி விட்டுரும், ஆனா உள்ளே எந்தக் கணக்கு சரி, எது தப்புன்னு யாருக்குத் தெரியும்? முந்தின ராத்திரி எடுத்து வெச்ச டம்ப்பை, அதான் டேட்டாபேஸோட முழுக் காப்பியை, ஏத்திட்டு, அன்னைக்குப் போட்ட பில்லெல்லாம் கார்பன் காப்பி பார்த்து நானும் கடைப்பையனும் 11 மணி வரைக்கும் அடிச்சோம்.

மறுநாள் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் ஓட்டினேன், டிஸ்க் நொடிக்கு எத்தனை தடவை எழுதி முடிக்குதுன்னு அளக்கற புரோகிராம். 7200 ஆர்பிஎம் டிஸ்க்னா நொடிக்கு 120 சுத்து. ஒரே இடத்துல திரும்ப எழுதணும்னா அதுக்கு மேல முடியவே முடியாது. எனக்கு ஆயிரத்துக்கு மேல காட்டுது! டிஸ்க் தன்னோட தற்காலிக மெமரியான கேஷ்ல வாங்கி வெச்சுக்கிட்டு ‘எழுதியாச்சு’ன்னு பச்சைப் பொய் சொல்லிட்டு இருந்திருக்கு. ஹெச்டிபார்ம்னு ஒரு லினக்ஸ் கமாண்டுல அந்த ரைட் கேஷை அணைச்சதும் 120க்குக் கீழே இறங்கிருச்சு. காசில்லாத வைத்தியம், ஆனா பில் நகராது.

அதனால வேற மெஷின் வாங்க முதலாளி குடுத்தது 40,000. புது ப்ராசசர்னு ஆசை இருந்துச்சு, விட்டுட்டேன். பத்து பேர் பில் போட அது எதுக்கு? கோயமுத்தூர்ல வாங்கினது, மெமரியில வர்ற சின்னத் தப்பைத் தானே திருத்திக்கற ஈசிசி ராம் போட்ட பழைய டவர் சர்வர் ஒண்ணு, கரண்ட் போனாலும் கையில இருக்கறதை எழுதி முடிக்கற கெப்பாசிட்டர் வெச்ச பழைய இன்டெல் எஸ்3500 எஸ்எஸ்டி ரெண்டு. எஸ்எஸ்டி தன்னைப் பத்தித் தானே வெச்சிருக்கற ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன்: 37,000 மணி நேரம், நாலு வருசத்துக்கு மேல ஓடியிருக்கு. ஆனா தேய்மானம் காட்டற வியர்அவுட் இன்டிகேட்டர் 94. நூறுல இருந்து கீழே இறங்கற கணக்கு அது, அதனால தைரியமா எடுத்தேன். மீதிக் காசு யூபிஎஸ் பேட்டரிக்கு. வேலந்தாவளம் வழியா பஸ்ல மடியில வெச்சே கொண்டு வந்தேன்.

குமுளி ஏலக்கடை:
அண்ணா, நான் ராம்ல ஏமாந்தேன். மலிவா கிடைச்சதேன்னு சர்வர்ல போடற ரெஜிஸ்டர்டு வகை ஈசிசி வாங்கி டெஸ்க்டாப் போர்டுல மாட்டினா ஆன் கூட ஆகல. போர்டுக்கு அன்பஃபர்டு வகைதான் வேணுமாம். அப்புறம் ரேக் சர்வரே வாங்கினோம். அது போடற சத்தத்துல போன் பேச முடியல, இப்ப குடோன்ல சாக்குக்குப் பக்கத்துல கெடக்கு.

செங்கோட்டை – ஆரியங்காவு:
பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டற ரெய்டு கார்டைப் பழசா வாங்கறவங்க, அதோட கேஷைக் காப்பாத்தற பேட்டரியைப் பாருங்க. எங்களுது செத்திருந்தது, கார்டு தானாவே, கேஷை நம்பாம டிஸ்க்ல எழுதி முடிக்கற வரைக்கும் காத்திருக்கற ரைட் த்ரூவுக்குப் போயிருச்சு. டேட்டா போகல, வேகம்தான் போச்சு. ரெண்டு மாசம் புரோகிராம் எழுதின பையனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அதுக்குத்தான் நான் கார்டே வாங்கல. லினக்ஸ்லயே இருக்கற எம்டில ரெய்டு 1, ரெண்டு எஸ்எஸ்டிலயும் ஒரே டேட்டா இருக்கும். டம்ப் தினமும் ராத்திரி முதலாளி வீட்டு கம்ப்யூட்டருக்குப் போயிருது. மாசம் ஒருக்கா அதை ஏத்தியும் பார்க்கறேன்.