சோல், ஃபங்க் சேகரிப்பு: பாக்ஸ் செட்டில் தொடங்குவதா, ஒரிஜினல் 45 தேடுவதா?

சுழல்தட்டு எழுதியது:

ஸ்டாக்ஸ், மோடவுன் என்ற இரண்டு அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள், பாடகர் ஜேம்ஸ் பிரவுன். இந்த மூன்றையும் ஒழுங்காகச் சேர்க்கலாம் என்று இறங்கினால் தலை சுற்றுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டாக்ஸ் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு வெளியீடுகள்) பாக்ஸ் மூன்று தொகுதி இருக்கிறது. முதல் தொகுதியை ஒரு கம்பெனி போட்டிருக்கிறது, மற்ற இரண்டையும் வேறொரு கம்பெனி. பாடகர் ஓடிஸ் ரெட்டிங் முதல் பெட்டியோடு காணாமல் போகிறார். ஏன் இப்படி?

ஒரே ஆல்பம் மோனோவிலும் ஸ்டீரியோவிலும் கிடைக்கிறது. விலை வேறு, கருத்து வேறு. எதை வாங்குவது?

கடைசியாக ஒன்று. 1960-களின் 45 (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய சிங்கிள் தட்டு) ஒன்று "விஜி ப்ளஸ்" (மிக நல்ல நிலைக்கும் சற்று மேல்) என்ற தரத்தில் வாங்கியது. கீறல் கிடையாது, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஆனால் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்து எழும் இடத்தில் கரகரவென்று கிழிகிறது. மற்ற தட்டுகள் அதே ஊசியில் நன்றாகவே ஓடுகின்றன. தட்டைக் கழுவினால் சரியாகுமா?

---

ஊசிமுனை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில். கழுவினாலும் சரியாகாது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டு.

அமெரிக்க 45-களில் இரண்டு வகை உண்டு. வினைல் தட்டு சூட்டில் அழுத்தி எடுப்பது. ஸ்டைரீன் தட்டு அச்சுக்குள் உருக்கிப் பீய்ச்சி எடுப்பது. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை, கொலம்பியாவின் ஆலைகள் எல்லாம் 45-களை ஸ்டைரீனில் குவித்தன. ஆலைக்கு வேகம், வாங்குபவருக்குத் தலைவலி. ஸ்டைரீன் விறைப்பானது. மழுங்கிய ஊசியோ அதிக எடையோ பட்டால் வளைந்து கொடுக்காது, பள்ளத்தின் சுவர் அப்படியே சிதைந்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது. சத்தம் உச்சத்துக்குப் போகும் இடங்களில்தான் பள்ளம் அதிகம் நெளிகிறது, அங்கேதான் கிழியும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி பளபளப்பைப் பார்த்துத் தரம் போட்டிருக்கிறார்கள்.

கண்டுபிடிக்கும் வழி: விரல் நகத்தால் ஓரத்தை லேசாகத் தட்டுங்கள். ஸ்டைரீன் "டக்" என்று உலர்ந்த, கூர்மையான ஓசை தரும். வினைல் மந்தமாக ஒலிக்கும். ஸ்டைரீனில் லேபிள் காகிதம் மேலே ஒட்டியதாக இருக்கும், சிலவற்றில் ஓரம் பெயர்ந்திருக்கும். வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்தே அழுந்தியிருக்கும்.

ஏற்கெனவே தேய்ந்ததை மீட்க முடியாது, ஆனால் ஓரளவு சமாளிக்கலாம். சாதாரண ஸ்டீரியோ ஊசியின் முனை 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 18 மைக்ரான். பழைய மோனோவுக்கான 1 மில் கூம்பு ஊசி பள்ளத்தில் இன்னும் சற்று மேலே உட்காரும். சேதம் அடியில் இருந்தால் கரகரப்பு கணிசமாகக் குறையும். மேலே இருந்தால் ஒன்றும் நடக்காது, இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ஸ்டைரீன் வாங்கினால் நல்ல நிலையிலுள்ள ஊசி, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் பாகம்) தயாரிப்பாளர் சொன்ன எடை, இரண்டும் கட்டாயம். டி.ஜே.க்கள் போலத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டவே கூடாது. பாட்டின் தொடக்கத்தில் நிரந்தரமாக ஒரு "ஷ்ஷ்" வந்துவிடும். கழுவ காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளி சோப்புக் கரைசலும் போதும். ஆல்கஹால் சேர்த்த திரவத்தை ஸ்டைரீன் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "பார்த்துப் போட்ட தரமா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்ட தரமா?"

---

பி_சைடு எழுதியது:

ஸ்டாக்ஸ் குழப்பத்துக்குக் காரணம் ஒப்பந்தம். மெம்ஃபிஸில் ஜிம் ஸ்டூவர்ட்டும் எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்திய கம்பெனி அது. விநியோகம் அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனியின் கையில். 1965 ஒப்பந்தத்தில், அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகளின் மாஸ்டர் (மூல ஒலிநாடா) உரிமையும் அட்லாண்டிக்குக்கே என்று ஒரு ஷரத்து இருந்தது. ஸ்டூவர்ட் அதைக் கவனிக்காமலே கையெழுத்திட்டார். அட்லாண்டிக் கைமாறிய பிறகு, 1968 மே மாதத்தில் இரண்டு கம்பெனியும் பிரிந்தபோதுதான் வீட்டுச் சாவி அடுத்தவன் மடியில் இருப்பது தெரிந்தது. 1975 இறுதியில் ஸ்டாக்ஸ் திவாலானது. பிரிவுக்குப் பிந்தைய பதிவுகளை 1977-இல் ஃபேண்டசி என்ற கம்பெனி வாங்கியது, அது 2004-இல் கான்கார்டு கம்பெனியிடம் போனது.

இதை மனதில் வைத்தால் பெட்டிகள் தானாகப் புரியும். 1991-இல் வந்த முதல் தொகுதி 1959 முதல் 1968 வரை: 9 சி.டி., 244 பாட்டு, அட்லாண்டிக் வெளியீடு. இரண்டாவது 1968–71, 9 சி.டி. மூன்றாவது 1972–75, 10 சி.டி. இவை இரண்டும் ஃபேண்டசி. ஓடிஸ் 1967 டிசம்பரில் இறந்தார். பிரிவுக்குப் பிறகு அவருடைய சிங்கிள்கள் அட்லாண்டிக்கின் அட்கோ லேபிளில் வந்தன, அதனால் அடுத்த இரண்டு பெட்டிகளில் இல்லை. பாடகர் ஜோடி சாம் அண்ட் டேவ் அட்லாண்டிக்கோடு போய்விட்டார்கள். ஸ்டாக்ஸின் வாத்தியக் குழுவான புக்கர் டி. குழு போன்றவை எல்லையின் இரு பக்கமும் நிற்கின்றன.

லேபிளைப் பார்த்தே காலத்தைச் சொல்லலாம். அடுக்கிய தட்டுகளின் படத்தோடு நீலம் என்றால் முந்தைய காலம், விரல் சொடுக்கும் சின்னத்தோடு மஞ்சள் என்றால் பிந்தைய காலம்.

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதல் தொகுதி. ஆனால் ஃபங்க் பிடித்தவர்களுக்கு இரண்டாவதுதான் சரியான பெட்டி என்பது என் வாதம். முதல் தொகுதியை எல்லாரும் புகழ்வதால் இரண்டாவது நிழலில் கிடக்கிறது. மூன்றாவதில் சலித்து எடுக்க வேண்டியது அதிகம். டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) கேட்பவர்களுக்கு 2023-இல் 7 சி.டி.யில் பாடலாசிரியர்களின் டெமோ தொகுப்பு வந்தது. அது தொடக்கப் பெட்டி அல்ல, மூன்றையும் கரைத்துக் குடித்த பிறகு போக வேண்டிய இடம்.

மோடவுன் முழு சிங்கிள்ஸ் வரிசையை ஹிப்-ஓ செலக்ட் என்ற மறுவெளியீட்டு லேபிள் 2005-இல் தொடங்கியது. 1959 முதல் 1972 வரை 14 பெட்டிகள். 1971, 1972 இரண்டும் ஏ, பி என்று பிரிந்தவை. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒரு 45 தட்டு செருகியிருக்கும். பழைய பெட்டி வாங்கும்போது அந்தத் தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உருவி எடுத்துத் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். முழு வரிசையும் தேவையில்லை. 1964 முதல் 1967 வரை நான்கு பெட்டி வாங்கினால் மோடவுனின் இதயமே கையில் வந்த மாதிரி.

ஜேம்ஸ் பிரவுனுக்கு 1991-இன் "ஸ்டார் டைம்", 4 சி.டி. அதில் தொடங்கலாம், பலருக்கு அதுவே முடிவும் ஆகலாம். 1965-இல் வந்த "பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்" சிங்கிளை வெட்டி, வேகத்தையும் கூட்டித்தான் வெளியிட்டார்கள். வெட்டாத முழுப் பதிவு அசல் வேகத்தில் இந்தப் பெட்டியில் இருக்கிறது. 45-இல் கேட்டதைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலித்தால் சி.டி. பிழை என்று நினைக்க வேண்டாம். மாறாக, 45-இல் வந்தது வந்தபடியே வேண்டுமென்றால் 2006–2011-இல் வந்த சிங்கிள்ஸ் வரிசை: 11 தொகுதி, ஒவ்வொன்றும் 2 சி.டி.

---

மோனோபித்தன் எழுதியது:

பெயரைப் பார்த்தே பதில் தெரிந்திருக்கும். 1968-க்கு முந்தைய சோல் என்றால் மோனோ. காரணம் பக்தி அல்ல. கார் ரேடியோவிலும் ஜூக்பாக்ஸிலும் ஒலிக்கத்தான் அந்தப் பாட்டுகளைக் கலந்தார்கள். உழைப்பு முழுக்க மோனோ கலவையில் போனது. ஸ்டீரியோ பல நேரம் பின்னால் ஒப்புக்குச் செய்தது. டிரம்ஸும் பேஸும் ஒரு காதில், பாடகர் மறு காதில் என்று பிரிந்தால் அந்தப் பாட்டின் உதை போய்விடும்.

ஆனால் கண்மூடித்தனமாகவும் போகாதீர்கள். ஓடிஸின் 1965 ஆல்பம் "ஓடிஸ் புளூ" (ஸ்டாக்ஸின் துணை லேபிள் வோல்ட், எண் 412) நல்ல எடுத்துக்காட்டு. "ஐவ் பீன் லவ்விங் யூ டூ லாங்" மோனோ எல்.பி.யில் (ஆல்பத்தின் பெரிய தட்டில்) சிங்கிளாக வந்த பதிவு, ஸ்டீரியோ எல்.பி.யில் மறுபடி பாடிப் பதிந்தது. இரண்டும் வேறு வேறு பாடல் பதிவுகள்! மறுவெளியீட்டுக் கம்பெனி ரைனோ 2008-இல் இரண்டு கலவைகளையும் சேர்த்து 2 சி.டி.யாகப் போட்டது. அங்கே தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை.

எதை வாங்கக் கூடாது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அட்டையில் "எலக்ட்ரானிகலி ரீசேனல்டு" என்றிருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மோனோவை எடுத்து, பேஸை ஒரு பக்கமும் கூர்மையை மறு பக்கமும் தள்ளிய போலி ஸ்டீரியோ அது. பொத்தானை அழுத்தி மோனோவாக்கினாலும் அசல் திரும்பி வராது.

நிஜ மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டுகிறவர்கள் ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். மோனோவில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது முழுக்க இரைச்சல், அது ரத்தாகிவிடும். செலவில்லாத சுத்திகரிப்பு.

இன்னொன்று. எல்லா இரைச்சலும் தட்டின் குற்றமல்ல. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோனின் 1971 ஆல்பம் "தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்" டேப் மேல் டேப்பாக மறுபடி மறுபடி பதிந்து உருவானது. அந்தப் புகைமூட்டம் மாஸ்டரிலேயே இருக்கிறது. அது இல்லாத "தெளிவான" மறுவெளியீடு வந்தால், இரைச்சலோடு சேர்த்து இசையையும் வழித்தெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

---

சுழல்தட்டு எழுதியது:

அருமை. ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன், "டக்" தான். ஸ்டைரீனேதான்.

இரண்டு துணைக் கேள்வி. 1960–62 கால ரே சார்ல்ஸ், எட்டா ஜேம்ஸ் எல்.பி.கள் புதிதாக 180 கிராமில் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா? அரிய 45-களில் போலியை எப்படிப் பிடிப்பது?

---

ஊசிமுனை எழுதியது:

180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடை, ஒலியின் தரமல்ல.

மலிவுக்குக் காரணம் ஐரோப்பியச் சட்டம். அங்கே ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 50 ஆண்டாக இருந்தது. 2013-இல் 70 ஆக நீட்டினார்கள், ஆனால் அதற்குள் காலாவதியானவை திரும்பப் பாதுகாப்புக்குள் வரவில்லை. ஆக, 1962 முடிய வெளிவந்தவற்றை அங்கே யாரும் அச்சடிக்கலாம். மாஸ்டர் டேப் அவர்களிடம் இருக்காது. சி.டி.யிலிருந்தோ இன்னொரு தட்டிலிருந்தோ எடுத்திருப்பார்கள். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் சி.டி.யின் நகலுக்கு எல்.பி. விலை கொடுக்கிறீர்கள். எந்த டேப், யார் கட்டிங் (அச்சுக்கான பள்ளத்தை வெட்டும் வேலை) செய்தார்கள் என்று அட்டை மூச்சுவிடவில்லையென்றால் அதுவே பதில்.

நல்ல மறுவெளியீட்டிலும் ஆலைப் பிழை வரும். வந்த அன்றே எல்லாத் தட்டையும் இரு பக்கமும் ஓடவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு ஆறாவது தட்டைத் திறப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியவை: துணி கிழிகிற மாதிரி ஓசை, பெரும்பாலும் ஒரு சேனலில். இது வினைல் பள்ளத்தை முழுக்க நிரப்பாததால் வருவது. சாய்வான வெளிச்சத்தில் தையல் போட்டதுபோலப் புள்ளிகள் தெரியும். இதையும் எந்தக் கழுவலும் தீர்க்காது. இரண்டாவது, மையம் விலகிய துளை. ஊசிக்கை இடமும் வலமும் ஊஞ்சலாடும், நீண்ட ஆர்கன் சுரங்கள் அலையும். லேசான ஆட்டம் சகஜம், சுருதி அசைவது காதில் விழுந்தால் திருப்பி அனுப்புங்கள்.

---

பி_சைடு எழுதியது:

போலி 45: லேபிளைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் டெட் வாக்ஸ், அதாவது பாட்டு முடிந்து லேபிள் வரை உள்ள வெற்று வளையம்.

மோனார்க் தட்டில் வட்டத்துக்குள் "எம்.ஆர்." முத்திரையும், முக்கோணக் குறியோடு ஓர் எண்ணும் இருக்கும். மறுபக்கம் அதே எண்ணோடு "எக்ஸ்" சேரும். பெல் சவுண்ட் போன்ற கட்டிங் ஸ்டூடியோக்கள் தங்கள் பெயரையே முத்திரையாக அடித்தன. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஆணியால் கிறுக்கியதுபோல எண் இருந்தால் எச்சரிக்கை. ஆனால் கையெழுத்து என்பதாலேயே போலி ஆகிவிடாது. சிறு லேபிள்கள் பலவற்றின் அசலிலும் கையெழுத்துதான். அதே வெளியீட்டின் உறுதியான பிரதியின் படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது ஒன்றுதான் வழி.

அடுத்து பொருள். அசல் ஸ்டைரீனில் மட்டும்தான் வந்தது என்று தெரிந்திருக்க, கையில் இருப்பது வினைல் என்றால் பேச்சே முடிந்தது. பிறகு அச்சு. போலி லேபிள் படமெடுத்து அச்சிட்டது என்பதால் பூதக்கண்ணாடியில் சிறு எழுத்துகளின் விளிம்பு கலங்கித் தெரியும்.

அரிய அமெரிக்க சோல் 45-களைத் தேடி ஆடும் இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் மோகம் 1970-களிலேயே போலிகளைப் பெற்றெடுத்தது. ஃபிராங்க் வில்சனின் 1965 சிங்கிள் "டூ ஐ லவ் யூ" விரல் விட்டு எண்ணும் அளவு பிரதிகளே உள்ளது. 2009-இல் ஒன்று 25,742 பவுண்டுக்குப் போனது. இதையே 1970-களில் பாடகர் பெயரை மாற்றி "எடி ஃபாஸ்டர்" என்று போலியாக அச்சடித்தார்கள்! பாட்டுதான் வேண்டுமென்றால் 1979-இல் டாம்லா மோடவுன் இங்கிலாந்தில் முறையாகவே வெளியிட்டது.

---

மோனோபித்தன் எழுதியது:

பழைய பெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு சேர்க்கை, இது பலர் கண்ணில் படுவதில்லை.

1980-களின் தடித்த இரட்டை சி.டி. பெட்டிகளுக்குள் பஞ்சு போன்ற ஃபோம் அட்டை வைத்திருப்பார்கள். அது காலப்போக்கில் உருகிச் சி.டி.யின் மேல்பக்கத்தில் ஒட்டி அரித்துவிடும். திறந்தவுடன் எடுத்துக் குப்பையில் போடுங்கள். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பி.டி.ஓ. ஆலையில் செய்த சில சி.டி.கள் ஓரத்திலிருந்து செம்பு நிறமாகப் பழுக்கும். உறைக் காகிதத்தின் கந்தகத்தைத் தாங்காத பூச்சுதான் காரணம். உள்வளையத்தில் "மேட் இன் யூ.கே. பை பி.டி.ஓ." என்றிருந்தால் உடனே கணினியில் நகலெடுத்து வையுங்கள். பழுக்கத் தொடங்கியதும் கடைசிப் பாடல்கள்தான் முதலில் போகும், ஏனென்றால் சி.டி. உள்ளிருந்து வெளியே ஓடுகிறது.

எல்.பி. பெட்டியில் தட்டை அட்டைப் பையிலேயே விடாதீர்கள், உருவும் ஒவ்வொரு முறையும் மயிரிழைக் கீறல் விழும். பாலிஎதிலீன் உள்ளுறை போடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசிவது வினைலில் வெண்மேகமாகப் படிந்து நிரந்தர இரைச்சலாகும். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியிலுள்ள பெட்டியின் மூலை முதலில் வெடிக்கும், அடுத்து தட்டு வளையும்.